எங்கள் தட்டில் இல்லாதது

தம்பி, வேலையை விடுவதாக எழுதி வைத்திருக்கும் கடிதத்தை உன் மேலாளரிடம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதே. கொடுத்துவிட்டாய் என்றால் போய்க் கேட்டுத் திரும்ப வாங்கிக்கொள். அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. நாளைக் காலையிலேயே, நீ இருக்கும் அறைக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போய், விட்டமின் பி12 பார்க்க வேண்டும் என்று சொல்லி இரத்தம் கொடு. இந்த இரண்டையும் போனில் சொல்லிப் பார்த்தேன். முதலாவதைச் சொன்னபோது, "பயப்படாதீங்கம்மா, நாம ரெண்டு பேருமா சேந்து பெருசா செய்யலாம்" என்றாய். இரண்டாவதைச் சொன்னபோது சிரித்தாய். "எனக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கேன்." நானும் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் எழுதுகிறேன். நீ உண்டாக்கித் தந்த நம் முகநூல் பக்கத்திலேயே, எல்லோரும் வாசிக்கும்படி இதைப் போடப்போகிறேன். என் சொல்லைக் கேட்டுச் சாப்பிடுகிறவன் நீ ஒருவன் மட்டும் இல்லை.

நீ வந்து சேர ஆசைப்படும் இந்தத் தொழிலில் உனக்குப் படங்களைத்தான் தெரியும். வாழையிலையில் சிவப்பரிசிச் சோறு, பிஞ்சுப் பலாக்காய்க் கறி, வல்லாரைச் சம்பல், பின்னால் பனி மூடிய மலை. படத்துக்கு வெளியே ஒரு வாரம் இருக்கிறது. திங்கட்கிழமை விடிந்ததும் உன் அப்பாவும் நானும் வேனை எடுத்துக்கொண்டு பதுளை மார்க்கட்டுக்குப் போவோம். அப்பா தேங்காயைத் தட்டிப் பார்ப்பார், நான் கீரைக் கட்டைப் பிரித்து நடுவில் அழுகல் இருக்கிறதா என்று பார்ப்பேன். மத்தியானத்துக்குள் அரசாங்கக் கந்தோர்களுக்கும் கடைகளுக்கும் பார்சல் போய்ச் சேர வேண்டும். செவ்வாய், எல்ல என்ற சுற்றுலா ஊரின் விடுதிகளுக்கு. அங்கே வருகிற வெள்ளைக்காரர்கள் பாலும் முட்டையும் மட்டுமல்ல, சிலர் கோதுமையும் வேண்டாம் என்பார்கள், அதைக் கடைசி நேரத்தில்தான் சொல்வார்கள். மழைக் குளிரில், முந்திரி அரைத்த கஜுப் பாலில் செய்யும் தயிர் உறையாது. அதை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பழைய போர்வையைப் போர்த்தி விடுவேன். எனக்குச் சமையலில் உதவிக்கு வரும் புஷ்பம் அக்கா அதைப் பார்த்து, "தாலாட்டும் பாடிருங்க டீச்சர், அப்பதான் தூங்கும்" என்பார். வெள்ளிக்கிழமை பெரகலச் சந்தியில் இருக்கும் கடைக்கு ஊறுகாய்ப் போத்தல்களும் மாசிக் கருவாடு போடாத சம்பலும் போகும். பாதையில் மண்சரிந்து வேன் திரும்பி வந்தால், அன்றைக்குச் சமைத்ததை நாமே தின்று தீர்க்க வேண்டும். தின்று தீர்த்த நாட்கள் பல உண்டு.

இடையில் புதனும் வியாழனும் உணவுப் பயிற்சிக்கு. அதைத்தான் நீ 'கோச்சிங்' என்று எழுதி வைத்திருக்கிறாய். காலை, பகல், இரவு என்று, என்னிடம் சேர்ந்திருக்கும் எல்லாப் பெண்களும் தங்கள் தட்டைப் படமெடுத்து அனுப்புவார்கள். நான் ஒவ்வொரு தட்டாகப் பார்த்து அவரவர் பெயரைச் சொல்லிக் குரல் பதிவு அனுப்ப வேண்டும். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு உள்ளவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள், மகளின் கல்யாணத்துக்குள் மெலிய வேண்டும் என்கிறவர்கள். ஒரு அக்காவிடம், "கீரைக்கு அடியில முட்டை தெரியுதுங்களே" என்றேன். "அது முட்ட இல்ல டீச்சர், வெளிச்சம் அப்படி விழுது" என்று பதில் வந்தது. சிரிப்பாக இருக்கும். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு பாரம் உண்டு. அவர்கள் எனக்குப் பயந்து முட்டையை ஒளித்தார்கள். சனிக்கிழமை மா அரைப்பதும் கூட்டத்துக்குப் பலகாரம் செய்வதும். ஞாயிறு பகல் நம் வீட்டு முன்னறையில் எல்லோரும் கூடுவார்கள். பாய் விரித்து உட்கார்ந்து, அந்த வாரம் உடம்பில் என்ன மாற்றம் என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். திங்கட்கிழமை விடிந்ததும் மறுபடி மார்க்கட். இதில் காய்ச்சலுக்கு லீவு கிடையாது. லீவு கேட்க ஆள் இல்லை என்பது மட்டும் காரணமில்லை. ஆரோக்கியத்தை விற்கிறவள் இருமக்கூட உள்ளறைக்குப் போய்த்தான் இரும வேண்டும்.

இது எங்கே தொடங்கியது என்று உனக்குத் தெரியும், வாசிக்கிறவர்களுக்குத் தெரியாது. தொடங்கியது உன்னால்தான். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் உன் மாமா, லயம் என்கிற வரிசை வீடுகளுக்குப் பின்னால் மாட்டுப்பட்டி வைத்திருந்தார். நீ உயர்தரம் படிக்கும்போது விடுமுறைக்கு அங்கே போயிருந்தோம். கிடாரிக் கன்று என்றால் வைத்துக்கொள்வார்கள், காளைக் கன்றுக்குப் பால் விடமாட்டார்கள். அந்தக் காளைக் கன்று கட்டியிருந்த கயிற்றை இழுத்து இழுத்துக் கத்தியது. நீ போய் அதன் வாயில் விரலை வைத்தாய். அது உன் விரலைச் சப்பியது. அன்றைக்குப் பின்னேரம் மாமி பால் தேத்தண்ணி கொண்டுவந்தபோது, "எனக்கு பிளேன்டி போதும் மாமி" என்றாய். அதற்குப் பிறகு நீ பாலைத் தொடவில்லை. மீனையும் முட்டையையும் ஒன்றொன்றாக விட்டாய். நான் உன்னைத் திட்டவில்லை, பெருமைப்பட்டேன். சில மாதத்தில் நானும் விட்டேன். அது அப்படியே இருந்திருந்தால் ஒரு குறையும் வந்திருக்காது. உனக்கு வந்தது இரக்கம். நான் விஞ்ஞானம் படித்தவள், பாடசாலையில் படிப்பித்தவள், உன் இரக்கத்தை ஒரு பாடமாக மாற்றினேன். பாடத்துக்கு ஒரு கதை தேவைப்பட்டது. கதையை எங்கள் லயத்திலிருந்து எடுத்தேன்.

முதல் கூட்டத்தில் நான் பேசியதை நீ போனில் படம் பிடித்தாய். "எங்க ஆளுங்க ரொட்டியும் சம்பலும் கீரையும் சாப்பிட்டுத்தான் இந்த மலை முழுக்க ஏறி எறங்கி கொழுந்து எடுத்தாங்க. அவங்களுக்கு எந்த மாத்திரை இருந்துச்சு? எங்க தட்டுலயே எல்லாம் இருக்கு." கைதட்டினார்கள். சிலருக்குக் கண் கலங்கியது. தன் தாய் தின்ற ரொட்டியைப் பற்றி ஒருத்தி எல்லோர் முன்னாலும் நின்று பெருமையாகப் பேசுவதை அவர்கள் அதற்கு முன் கேட்டதில்லை. நீ அந்தக் கடைசி வரியைத்தான் நம் பக்கத்தின் தலைப்பில் போட்டாய், போத்தல் லேபலிலும் போட்டாய். எல்ல விடுதிகளில் அதை ஆங்கிலத்தில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். புஷ்பம் அக்கா மட்டும் அன்றே சட்டி கழுவிக்கொண்டு சொன்னார்: "அந்தச் சம்பல்ல மாசி இருந்துச்சே டீச்சர், அத ஏன் விட்டுட்டீங்க? முனிக்கு கெடா வெட்டுனா கொடலக்கூட விடமாட்டோம். எங்கம்மா கருவாட்டுத் தலைய விட்டிருந்தா நான் பொறந்தே இருக்க மாட்டேன்." நாங்கள் இருவரும் சிரித்தோம். எனக்குத் தெரியாத ஒன்றையும் அவர் சொல்லவில்லை. லயத்தில் யாரும் மீனை வேண்டாம் என்று சொன்னதில்லை. கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கிடைத்த அன்று எங்கள் வீட்டில் பண்டிகை. கிடைக்காததை நான் விரதமாக்கி, விரதத்தை மருந்தாக்கி, மருந்தைப் பார்சலில் கட்டினேன்.

இலைகுழையில் பி12 கிடையாது என்பதும், முழுக்க மரக்கறியாகச் சாப்பிடுகிறவர் அதை மாத்திரையாக எடுத்தே ஆகவேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். புளித்த தோசை மாவில் கொஞ்சம் இருக்கும், வல்லாரையில் கொஞ்சம் இருக்கும் என்று எங்கேயோ யாரோ எழுதியதைப் பிடித்துக்கொண்டேன். ஏனென்றால், எங்கள் தட்டில் எல்லாம் இருக்கிறது என்று சொன்ன வாயால், இந்த ஒன்று மட்டும் இல்லை, கடையில் வாங்கி விழுங்குங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே ஒரு மாத்திரை, தம்பி. அதைச் சொல்லியிருந்தால் அந்த வரியின் அழகு கெட்டிருக்கும். வரியைக் காப்பாற்றினேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, எல்லவுக்குப் போகும் பிஞ்சுப் பலாக்காயை, பால் ஒட்டாமல் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வெட்டிக்கொண்டிருந்தேன். புஷ்பம் அக்கா திடீரென்று, "டீச்சர், கையப் பாருங்க! கையப் பாருங்க!" என்று கத்தினார். பார்த்தேன். வெட்டிய துண்டுகளெல்லாம் சிவந்து கிடந்தன. விரல் ஆழமாக வெட்டுப்பட்டிருந்தது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதற்கு முன்பே விரல் நுனிகள் மரத்துத்தான் இருந்தன. குளிர் என்று நினைத்தேன், களைப்பு என்று நினைத்தேன். சட்டைப் பொத்தான் போட நேரமெடுத்தது. கூட்டத்தில் பெண்களின் பெயர் மறந்து போனது. காயத்துக்குத் தையல் போட்ட ஆஸ்பத்திரியில்தான் ஒரு டாக்டர் சந்தேகப்பட்டார். சிங்களப் பெண், என் மகள் என்று சொல்லும் வயது. எத்தனை வருடமாக மீனும் பாலும் இல்லை என்று கேட்டார், சொன்னேன். பி12 மாத்திரை எடுத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று பல நாள் யோசித்துவிட்டேன். இரத்தம் பார்த்தார்கள், மிகக் குறைவு. ஊசி தொடங்கினார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அப்பா வேனில் கூட்டிப் போனார். சந்தைக்குப் போவதாகப் புஷ்பம் அக்காவிடம் சொன்னோம். அவர் நம்பவில்லை, ஆனால் கேட்கவும் இல்லை.

அப்பா முதல் நாளே சொன்னார்: "பையனுக்குச் சொல்லு. அந்தப் பொம்பளைங்களுக்கும் சொல்லிரு." அவர் நிறையப் பேசுகிறவர் இல்லை என்பது உனக்குத் தெரியும். "சொல்றேன், ஊசி முடியட்டும்" என்றேன். ஊசி முடிந்து, கை சரியாகி, பிறகு அமைதியாக, எல்லோரும் இனிமேல் ஒரு மாத்திரையும் எடுங்கள் என்று ஒரு புது விஷயம் போலச் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அந்த நேரத்தில்தான் நீ வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றாய். எல்லவில் கடை, பெயர்ப் பலகை, பெரிய அடுப்பு. உன் குரலில் இருந்த சந்தோசத்தைக் கேட்டுக்கொண்டே நான் மரத்த விரலால் போனைப் பிடித்திருந்தேன். எப்படிச் சொல்வேன்? நீ நிரந்தர வேலையை விட்டுவிட்டு வந்து சேரப்போகும் வீடு உள்ளே இடிந்து கிடக்கிறது என்று எந்தச் சொல்லில் சொல்வேன்?

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. பசறையில் தையல் கடை வைத்திருக்கும் மல்லிகா வந்திருந்தாள். அவளுக்குச் சீனி வருத்தம். நம்மிடம் வந்து வருடங்களாகிறது. நான் சொன்னதில் ஒன்றைக்கூட மீறாதவள் என்றால் அவள்தான். தட்டில் ஒளிக்கத் தெரியாது. அவளுடைய முறை வந்தபோது காலை நீட்டித் தடவிக்கொண்டே சொன்னாள்: "டீச்சர், கால் ரெண்டும் எறும்பு ஊர்ற மாதிரியே இருக்குங்க. மெஷின மிதிக்கிறேன், மிதிக்கிறேனா இல்லையான்னு குனிஞ்சு பாக்க வேண்டியிருக்கு. இது நச்சு வெளிய போறதுதானுங்களே?" நச்சு வெளியேறுகிறது என்பது என்னுடைய சொல். தொடக்கத்தில் தலைவலி, களைப்பு என்று வருகிறவர்களிடம் சொல்லும் சொல். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு என்ன நோயோ அதே நோய் என் முன்னால் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் செய்ய வேண்டியது எவ்வளவு சுலபம், தம்பி. கட்டுப்போட்ட விரலைத் தூக்கிக் காட்டினால் போதும். நான், "ஆமா மல்லிகா, கொஞ்ச நாள்ல சரியாயிரும்" என்றேன். "நெனச்சேன்ங்க" என்று அவள் சந்தோசமாகச் சிரித்தாள். நான் பக்கத்தில் இருந்தவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

எல்லோரும் போன பிறகு புஷ்பம் அக்கா பாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: "அந்தப் புள்ளைக்கும் ஒங்களுக்கும் ஒரே எறும்புதானே?" நான் பலகாரத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு உள்ளே போனேன். அவரும் பாயைச் சுவரில் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த நாட்களை உனக்கு எப்படி விவரிப்பது என்று தெரியவில்லை. வேலை எல்லாம் நடந்தது. தேங்காய் திருவினேன், பார்சல் கட்டினேன், எல்லவில் ஒரு வெள்ளைக்காரப் பெண் என்னோடு நின்று படமெடுத்தாள். மல்லிகா வழக்கம்போலத் தட்டின் படம் அனுப்பினாள். சிவப்பரிசி, பருப்பு, முருங்கைக்கீரை. சுத்தமான தட்டு. குரல் பதிவில் உண்மையைச் சொல்லத் தொடங்குவேன், பாதியில் அழிப்பேன், மறுபடி தொடங்குவேன். கடைசியில், "அருமை மல்லிகா, இப்படியே தொடருங்க" என்று அனுப்பினேன். ஆமாம், அதையும் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை பயத்தில் வாய் தவறியது என்றாவது சொல்லலாம். இதை அடுப்படியில் தனியாக நின்று, யோசித்து அனுப்பினேன். அன்றைக்குத்தான் எனக்கு என்னைப் பார்த்துப் பயம் வந்தது. மெதுவாக, நல்ல குரலில், ஒரு பெண்ணின் காலை நான் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை சமையலைப் புஷ்பம் அக்காவிடம் விட்டுவிட்டு, பசறைக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். "நானும் வரவா?" என்றார். வேண்டாம் என்றேன். "அப்ப இப்பவே போ. பின்னேரம் மழ வரும்" என்றார். பஸ்ஸில் வளைவுக்கு வளைவு இறங்கித் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. மல்லிகாவின் கடை பலகை அடித்த ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் பாடசாலைச் சீருடை தொங்கும். என்னைப் பார்த்ததும் அவளுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. துணிக் குவியலைத் தள்ளி நாற்காலி போட்டாள். "வாங்க டீச்சர்! சொல்லியிருந்தா வாசல்லயாவது வந்து நின்னிருப்பேனே. பிளேன்டி ஊத்தவா? சீனி இல்லாம, நீங்க சொன்ன மாதிரி." நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தேத்தண்ணி வரும், பேச்சு வரும், நான் மறுபடி தப்பிவிடுவேன் என்று தெரியும்.

"மல்லிகா, அது நச்சு இல்ல" என்றேன்.

"எதுங்க?"

"ஒங்க காலுல எறும்பு ஊர்றது. ஒரு சத்து இல்லாமப் போய் நரம்பு கெடுது. அந்தச் சத்து நம்ம சாப்பாட்டுல இல்ல. எனக்கும் கையில அப்படித்தான். நான் ஊசி போடுறேன்."

அவள் மெஷினிலிருந்து காலை எடுத்தாள். எடுத்துவிட்டோமா என்று குனிந்து பார்த்தாள். "எப்ப இருந்துங்க ஊசி?"

"போன மாசத்துல இருந்து."

நூலைப் பல்லால் கடித்து அறுத்து, தைத்துக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டையை மடித்து வைத்தாள். "அப்ப ஞாயித்துக்கெழம எனக்கு ஆமான்னு சொல்லக்குள்ள, நீங்க ஊசி போட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்க."

"ஆமா."

"ஏங்க டீச்சர்?"

"பயந்துட்டேன்."

"என்னையப் பாத்தா? என்னையப் பாத்து எங்க வீட்டுக் கோழிகூடப் பயப்படாது." அப்படிச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. மடித்த சட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டு, "எனக்குச் சண்ட போடத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா இன்னைக்குப் போட்டிருப்பேன்" என்றாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு வாங்கிக்கொள்வது இலகுவாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்டேன். அதைக் கேட்டதாகவே அவள் காட்டிக்கொள்ளவில்லை. "எங்க போய் இதப் பாக்கணும்?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கே பதுளைக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். கடைப் பலகையைச் சாத்தப் போனபோது படியில் தடுமாறினாள். பிடித்தேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று திரும்பி, "இனிமே மீன் சாப்புடுவீங்களா டீச்சர்?" என்றாள். இல்லை, மாத்திரை எடுப்பேன் என்றேன். "மாத்திரையே வேணாம்னுதானே நான் ஒங்ககிட்ட வந்தேன்" என்றாள். அதற்குப் பிறகு பதுளை வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

இரத்தத்தில் அந்தச் சத்து அவளுக்கு என்னைவிடக் குறைவு. அதே டாக்டர் அவளுக்கும் ஊசி தொடங்கினார். காலில் உணர்ச்சி திரும்புமா என்று கேட்டேன். கொஞ்சம் திரும்பலாம், எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது, தாமதமாக வந்திருக்கிறார் என்றார். தாமதத்தில் எனக்குப் பங்கு உண்டு என்று நான் அவரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, உங்களிடம் வருகிற மற்றவர்களையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள் என்றார். மல்லிகா காலால் சாப்பிடுகிறவள், தம்பி. அந்த மிதியில்தான் அவளுடைய வீடு ஓடுகிறது. அவளுக்குக் கால் திரும்பாவிட்டால் அதற்கு ஈடாக நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. இதை ஆறுதல் தேடி எழுதவில்லை. நீயும் ஆறுதல் சொல்லாதே.

இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பயிற்சிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் போய்விடுவார்கள், போக வேண்டும். எல்ல விடுதிக்காரர்கள் அந்தப் பலகையைக் கழற்றுவார்கள். உன் மாமி மடுல்சீமையிலிருந்து போன் எடுத்து, அப்பவே பால் குடிக்கச் சொன்னேனே என்பார். அதனால்தான் நீ வேலையை விடாதே என்கிறேன். நீ உன் அம்மாவை நம்பி வருகிறாய். நம்பி வந்தவர்கள் எங்கே வந்து சேர்ந்தார்கள் என்று மேலே எழுதியிருக்கிறேன். சமையலை நான் விடப்போவதில்லை. பலாக்காய்க்கறியில் ஒரு பாவமும் இல்லை. அந்தக் காளைக் கன்றுக்காக நீ பாலை விட்டது சரி. இன்றைக்கும் சரி என்றுதான் நினைக்கிறேன். உன்னை மீன் தின்னச் சொல்லவில்லை. தினமும் மாத்திரையை விழுங்கு, விழுங்குவதை யாருக்கும் மறைக்காதே என்கிறேன். நீ ஒரு நாள் தனியாகத் தொழில் செய்வாய். அப்போது உனக்கும் ஒரு அழகான வரி கிடைக்கும். கேட்பவர்கள் கைதட்டுவார்கள். பிறகு அந்த வரிக்குப் பொருந்தாத ஏதாவது ஒன்று உன் முன்னால் வந்து உட்காரும், காலை நீட்டிக்கொண்டு. அன்றைக்கு வரியை விட்டுவிடு. அதைவிடப் பெரிய புத்தி சொல்ல என்னிடம் இல்லை. நம் பக்கத்தின் தலைப்பில் இருக்கும் அந்த வாசகத்தை இன்றைக்கே எடுத்துவிடு. எனக்கு அதை எடுக்கத் தெரியவில்லை, நீதான் போட்டாய்.

இதை வாசிக்கும் அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும்: கை கால் மரப்பு, எறும்பு ஊர்வது, மறதி, காரணமில்லாத களைப்பு, எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் போய் இரத்தம் பாருங்கள். சீனிக்கு டாக்டர் தந்த மாத்திரையை என் பேச்சைக் கேட்டு யாராவது குறைத்திருந்தால், இன்றே திரும்பப் போய் டாக்டரிடம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கும். பலகாரம் இருக்காது. என்னைத் திட்ட வருகிறவர்கள் வரலாம்.

நேற்று மல்லிகாவுக்கு ஊசி நாள். ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து முறைக்குக் காத்திருந்தபோது, எழுதிய வரைக்கும் இதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுடைய பெயரைப் போடாமல், 'ஒரு ஊரில் தையல் வேலை செய்யும் ஒரு சகோதரி' என்று எழுதியிருந்தேன். அவள் முழுவதையும் கேட்டாள். இன்னும் என் முகத்தைச் சரியாகப் பார்ப்பதில்லை. "எம் பேரப் போடுங்க" என்றாள். வேண்டாம் மல்லிகா என்றேன். "போடுங்க. ஒரு சகோதரின்னு போட்டா, அது யாரோ ஒருத்தி, நமக்கில்லன்னு எல்லாரும் போயிருவாளுக. பசறை மல்லிகான்னு போடுங்க. எங்கிட்ட ஜாக்கெட் தச்சவளுக எல்லாம் இருக்காளுக. அவளுக எழும்பிப் போவாளுக." அதனால்தான் மேலே எல்லா இடத்திலும் அவள் பெயர் இருக்கிறது. அதற்குள் அவளைக் கூப்பிட்டார்கள். நான் கை நீட்டினேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

தம்பி, நீயும் இதை யாரோ ஒருத்தியின் கதை என்று வாசித்துவிட்டுப் போய்விடாதே. வருடக்கணக்காக நீ சாப்பிட்டது என் கைச் சாப்பாடு. நாளைக் காலை வேலைக்குப் போகும் வழியில் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் இறங்கு. உள்ளே போ. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு அவர்களிடம் கையை நீட்டு.